கோடீஸ்வர ஐயரின் பாட்டுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மார்கழி இணைப்பில், தமிழில் கீர்த்தனை இயற்றியவர்களைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் என்று எல்லோரையும் மரியாதையோடு நினைவுகூர்ந்திருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் கோடீஸ்வர ஐயரின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. சங்கீதம் தெரிந்தவர்கள் எழுதும் கட்டுரையிலேயே அவர் விட்டுப்போகிறார் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும், ஒன்றுவிடாமல், தமிழிலேயே தனித்தனிக் கீர்த்தனை செய்துவைத்தவர் அவர். அவரைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். மதுரையில் இருக்கிறேன். சின்ன வயதில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டேன்; வேலை, குடும்பம் என்று ஆனபிறகு மேடைப் பக்கம் போகவில்லை. இப்போது சாயங்கால நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடீஸ்வர ஐயரும் நீதிமன்ற ஊழியர்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தவர்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்கு ஓரளவு தெரியும். காலையில் கட்டுகளை எடுத்து அடுக்குவது, கேஸ் கூப்பிடுவது, வாய்தா தேதி குறிப்பது, ஆவணங்களுக்கு எண் போடுவது. வீடு திரும்பும்போது தலைக்குள் அடுத்தவர்களின் பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும்தான் மிச்சமிருக்கும். மொழிபெயர்ப்பாளர் பாடு இன்னும் கஷ்டம். கிரயப் பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் ஒருவருடைய நிலம் போய்விடும். அப்படி ஓர் உத்தியோகம் பார்த்த மனிதர், இந்த 72 ராகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பாடிப் பார்த்து, பாட்டுக் கட்டி, புத்தகமாக அச்சிட்டும் கொடுத்திருக்கிறார். சமஸ்தான வித்வான்கள் எத்தனையோ பேரைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவர்மேல் வருகிற மரியாதை தனி.

1870-ல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் கவிகுஞ்சர பாரதி. இராமநாதபுரம் சீமையில் பெருங்கரைக்காரர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் காலத்தவர். அழகர் குறவஞ்சி, கந்தபுராணக் கீர்த்தனை, பேரின்பக் கீர்த்தனைகள் என்று நிறையச் செய்திருக்கிறார். ‘கவிகுஞ்சரம்’ என்பது சிவகங்கை சமஸ்தானத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம். இயற்பெயர் கோடீஸ்வர பாரதி. எங்கள் பக்கத்து வழக்கப்படி பாட்டன் பெயரையே பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். பேரன் தன் பாட்டுகளில் முத்திரையாக என்ன வைத்துக்கொண்டார் தெரியுமா? ‘கவிகுஞ்சரதாசன்’. பாட்டனாரின் அடிமை என்று ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சங்கீதத்துக்குக் குருமார்களும் பெரியவர்கள். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் படித்தார். ‘ரகுவம்ச சுதா’ என்ற ஒரு பாட்டு போதாதா அவரை நினைவில் வைக்க! பிறகு, அந்தப் பட்டணம் ஐயரின் சீடரும் இராமநாதபுரம் சமஸ்தான வித்வானுமான பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடமும் கற்றுக்கொண்டார். இந்தப் பூச்சி ஐயங்கார்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கும் குரு. ஆக, கோடீஸ்வர ஐயர் ஏதோ ஓய்வு நேரத்தில் மெட்டுப் போட்டுப் பார்த்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் வந்த வழி கச்சேரி சங்கீதத்தின் ராஜபாட்டை.

இந்த 72 மேளகர்த்தா, சுருக்கமாக மேளம், என்பது என்ன என்று பாட்டுக் கேட்டுப் பழகாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு ஸ்வரங்களில் ஸாவும் பாவும் மாறாதவை. ரியும் காவும் சேர்ந்து ஆறு விதமாக வரலாம். தாவும் நியும் அதேபோல ஆறு விதம். ஆறை ஆறால் பெருக்கினால் 36. மத்யமம், அதாவது மா, சுத்தமா, பிரதியா என்பதைப் பொறுத்து அது இரண்டு மடங்காகி 72. இது 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி போட்ட கணக்கு. கணக்கு வந்துவிட்டது, பெயர்களும் வந்துவிட்டன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பாட்டில்லாமல் பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய காலி வீடுகளாகவே ரொம்பக் காலம் கிடந்தன.

முத்துசுவாமி தீட்சிதர் வேங்கடமகி வழியில் 72-க்கும் பாடியிருக்கிறார். ஆனால் அந்த வழியில் பல ராகங்களுக்கு ஏழு ஸ்வரமும் ஏற்ற இறக்கத்தில் நேராக வராது, பெயர்களும் வேறு. மொழி சமஸ்கிருதம். மகா வைத்தியநாத ஐயர் 72-ஐயும் ஒரே ராகமாலிகையாகக் கோத்துக் கொடுத்தார். அதுவும் சமஸ்கிருதம், ஒரு ராகத்துக்குச் சில வரிகள்தான் கிடைக்கும். தியாகராஜர் கானமூர்த்தி, வாகதீஸ்வரி போன்ற அபூர்வ மேளங்களில் அருமையான கிருதிகள் செய்திருக்கிறார், எல்லாவற்றையும் தொடவில்லை. கனகாங்கியில் தொடங்கி ரசிகப்ரியா வரைக்கும் இன்று நாம் சொல்லும், ஏழு ஸ்வரமும் முழுதாக வரும் அந்தச் சம்பூர்ண மேளங்கள் அத்தனைக்கும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழுக் கீர்த்தனையைத் தமிழில் வைத்தது கோடீஸ்வர ஐயர். எல்லாப் பாட்டும் முருகன்மேல். ‘கந்த கானாமுதம்’ என்று அதற்குப் பெயர். 1930-களில் அச்சானது.

சரி, இதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் விவாதியில் இருக்கிறது. 72-ல் 40 மேளங்கள் விவாதி மேளங்கள். ரியும் காவும், அல்லது தாவும் நியும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து ஸ்வரஸ்தானத்தில் நிற்கும். ரசிகப்ரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸாவிலிருந்து ரிக்குப் போக நடுவில் இரண்டு ஸ்தானங்களைத் தாண்ட வேண்டும். ரிக்கும் காவுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது, ஒட்டிக்கொண்டிருக்கும். பாவுக்கு மேலேயும் இதே கதைதான்; தாவுக்கு ஒரு தாவு தாவினால் நியும் மேல் ஸாவும் நெருக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஹார்மோனியத்தில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கரகரப்ரியா வாசிக்கும்போது எந்தக் கட்டை ‘கா’வாக இருந்ததோ அதே கட்டை இங்கே ‘ரி’.

என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் முதலில் இதில்தான் தடுமாறினான். வாய் ‘ரி’ என்று சொல்லும். காது அதைக் ‘கா’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்வரத்துக்கு எங்கோ போய்விடும். “டீச்சர், ரெண்டும் காவாவே கேக்குது” என்பான். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஸ–ரி, ஸ–ரி என்று பாடவைத்தால் குரல் மரத்துப்போய்விடும். அதனால் ரசிகப்ரியாவை மூடிவைத்துவிட்டு நாட்டையை எடுத்தேன். நாட்டையில் அந்த உயர்ந்த ரி, அதாவது ஷட்ஸ்ருதி ரிஷபம், கமகத்தோடு, அசைவோடு மேலிருந்து இறங்கி வரும். குழந்தைகளுக்கு அது தொண்டையில் சுலபமாக உட்காரும். அது நின்றபிறகு 36-ஆம் மேளமான சலநாட்டை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஏழு ஸ்வரமும் முழுதாக வரும். அதில் ‘ஏதய்யா கதி’ கீர்த்தனையைப் பாடம் பண்ணினோம். அதற்குப் பிறகு மத்யமத்தை மட்டும் பிரதிமத்யமமாக மாற்றிப் பாடு என்றேன். பாடினான். அதுதான் ரசிகப்ரியா. அவனுக்கே தெரியாமல் 36-லிருந்து 72-க்கு வந்துவிட்டான். இந்த இரண்டுக்கும் கோடீஸ்வர ஐயரின் பாட்டு இருப்பதால்தான் இப்படி வரிசையாகச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. வெறும் ஸ்வர வரிசையை வைத்து இதைச் செய்ய முடியாது. ரசிகப்ரியாவில் ‘அருள்செய்ய வேண்டும் ஐயா’ என்று முருகனைக் கூப்பிடும்போது அந்த ரி தானாக இரங்கிக் கேட்கிற தொனியோடு வந்துவிடுகிறது. இடிக்கிற ஸ்வரத்தை மன்றாடுகிற ஸ்வரமாக மாற்றிக் காட்டியிருக்கிறார் பாருங்கள், அதுதான் வித்தை.

விவாதி ராகம் பாடினால் பாடுகிறவருக்குத் தோஷம் என்று நம் சங்கீத உலகில் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. குடும்பத்துக்கு ஆகாது, குரலுக்கு ஆகாது என்று பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். வராளியைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் மனஸ்தாபம் வரும் என்பார்கள். இவற்றையெல்லாம் நம்பி 40 மேளங்களை ஒதுக்கிவைத்தது நமக்குப் பெரிய நஷ்டம். திருவையாறு ஆராதனையில் ஆயிரம் பேர் உட்கார்ந்து பாடும் பஞ்சரத்தினத்தை நினைத்துப் பாருங்கள். முதல் கிருதி ‘ஜகதானந்தகாரக’ நாட்டை ராகம். நாலாவது கிருதி ‘கனகனருசிரா’ வராளி. ஐந்தில் இரண்டு விவாதி ராகம். ஊர் கூடிப் பாடுகிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கச்சேரி ஆரம்பத்தில் பிள்ளையார் பாட்டாக ‘மஹாகணபதிம்’ பாடாத வித்வான் உண்டா? அதுவும் நாட்டைதானே! சினிமாவில் இளையராஜா ‘பனிவிழும் மலர்வனம்’ என்று சலநாட்டையில் போட்டுக் கொடுத்தார். 1982-லிருந்து தமிழ்நாடே பாடிக்கொண்டிருக்கிறது. தோஷம் என்ற பேச்சு கோடீஸ்வர ஐயர் பாட்டு என்று வரும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மேளகர்த்தா பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளுக்குள் அந்த மேளத்தின் எண் ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் இந்த முறையைக் கடபயாதி என்று சொல்வார்கள். ரசிகப்ரியாவின் ‘ர’ இரண்டு, ‘ஸி’ ஏழு; திருப்பிப் போட்டால் 72. ஆகவே பெயரின் தலைப்பகுதியை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஜங்காரத்வனி, தாதுவர்த்தனி, ஹாடகாம்பரி, நாமநாராயணி என்று எல்லாம் சமஸ்கிருதப் பெயர்கள். தமிழ்ப் பாட்டு எழுதுகிறவர் அவற்றைத் தொடாமலே போயிருக்கலாம். இவரோ ராகத்தின் பெயரையே பாட்டுக்குள் முத்திரையாகக் கொண்டுவந்து, அது முருகனைப் பற்றிய சொல்லாகவும் அர்த்தம் தருகிற மாதிரி அமைத்திருக்கிறார். காங்கேயபூஷணி, ஷண்முகப்ரியா போன்றவை பரவாயில்லை, பெயரிலேயே முருகன் இருக்கிறான். மற்றவற்றுக்கு எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! நீதிமதி ராகத்தில் ‘மோகனகர முத்துக்குமரா’ என்று ஒரு பாட்டு. பல்லவியைக் கேட்கும்போது ஒரு புலவர் கஷ்டப்பட்டுச் செய்த பாட்டு என்றே தோன்றாது. அத்தனை ஓட்டம்.

இந்த இடத்தில் எஸ். ராஜம் அவர்களைச் சொல்லாமல் போனால் பாவம். 1919-ல் பிறந்து 2010-ல் மறைந்தவர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-ல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமராக நடித்தவர். அம்பி தீட்சிதரிடமும் பாபநாசம் சிவனிடமும் பாட்டுக் கற்றவர். ஓவியரும்கூட, வீட்டுக்கு வீடு, சபாவுக்குச் சபா மாட்டியிருக்கும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் படங்களுக்கு உருவம் கொடுத்த கை அவருடையது. அந்த மூவரின் முகத்தை நமக்குக் கொடுத்தவர்தான் கோடீஸ்வர ஐயரின் பாட்டையும் நமக்குக் கொடுத்தார். 72 கீர்த்தனைகளையும் பாடிப் பதிவு செய்தார். விவாதி ராகங்களைப் பயப்படாமல் பாடுங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். தொண்ணூறு வயது வரைக்கும் வாழ்ந்தும் காட்டினார்.

அவருடைய பதிவுகளைத்தான் நான் பாடத்துக்கு ஆதாரமாக வைத்திருக்கிறேன். குரலில் அலட்டல் கிடையாது. ஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். வார்த்தை ஒவ்வொன்றும் காதில் விழும். கனகாங்கி மாதிரி ராகத்தில் ஸா, ரி, கா எல்லாம் இடுக்கிக்கொண்டு கிடக்கும்போது, பாடுகிறவர் கொஞ்சம் குரலை அசைத்தாலும் எல்லாம் குழம்பிவிடும். ராஜம் அங்கே அசைக்க மாட்டார். நேராக வைப்பார். கமகம் கொடுக்க வேண்டிய இடம் வந்ததும் கொடுப்பார். மாணவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்கவைக்கிறேன். எந்த ஸ்வரத்தை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது என்ற பாடம் அவர்களுக்கு அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். நான் சொன்ன அதே பையன் ஒரு பாட்டுப் போட்டிக்குப் போனான். ‘அருள்செய்ய வேண்டும் ஐயா’ பாடினான். அபஸ்வரம் இல்லை, தாளம் பிசகவில்லை. பாடி முடித்ததும் நடுவராக இருந்த ஒருவர், “சிவன் பாட்டா?” என்று கேட்டார். இல்லை, கோடீஸ்வர ஐயர் என்று பையன் சொன்னதும், “இந்த வயசில் விவாதி எதுக்கு? நல்லதா ஒரு கல்யாணி, தோடி பாடக்கூடாதா?” என்றார். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. வெளியே வந்ததும் அவன் அப்பா என்னிடம், “டீச்சர், வேற பாட்டு குடுத்திருக்கலாமோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பரிசு வர வேண்டும் என்று எந்தத் தகப்பனுக்கும் இருக்கும். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்கிறவருக்கு, தமிழில் முருகன் பாட்டு என்றாலே பாபநாசம் சிவன்தான் என்ற அளவுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்றால் என்ன செய்வது? சிவன் பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் 1890-ல் பிறந்தவர். கோடீஸ்வர ஐயர் அவருக்கு இருபது வயது மூத்தவர். மூத்தவரின் உழைப்பை இளையவரின் கணக்கில் எழுதினால் சிவனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்தப் பையன் பாட்டை விடவில்லை. இப்போது நீதிமதி பாடம் நடக்கிறது.

இவர் ஏன் இப்படி மறக்கப்பட்டார் என்று யோசித்திருக்கிறேன். அவர் உழைத்த காலத்தில் கச்சேரி மேடையில் தெலுங்குக்கும் சமஸ்கிருதத்துக்கும்தான் முதல் மரியாதை. தமிழ்ப் பாட்டு என்றால் கச்சேரி முடியும் நேரத்தில், துக்கடா என்று சொல்லிப் பாடுவார்கள். ராஜா அண்ணாமலை செட்டியார் முயற்சியில் 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. தமிழில் பாட்டு போதுமான அளவு இருக்கிறதா, பெரிய ராகங்களைத் தாங்குமா என்று அப்போது எவ்வளவு வாதம் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாதத்துக்குப் பதில் ஏற்கனவே அச்சிட்ட புத்தகமாக இருந்தது. ஒன்றிரண்டு ராகத்துக்கா? 72 மேளத்துக்கும் தமிழ் தாங்கும் என்று ஒரு மனிதர் பாடியே காட்டிவிட்டார். ஆனால் அதை எழுந்து நின்று சொல்ல அன்றைக்கு அவர் உயிரோடு இல்லை. சிவனுக்குக் கிடைத்ததுபோல சினிமாவின் துணையும் இவருக்குக் கிடைக்கவில்லை. பாட்டுகளோ, ஒருமுறை கேட்டதும் முணுமுணுத்துவிடுகிற ராகங்களில் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் அவரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. சில நல்ல பாடகர்கள் இவர் பாட்டை விரும்பி எடுக்கிறார்கள். 72 மேளத்தையும் தொடர்ச்சியாகப் பாடும் நிகழ்ச்சிகளும் அவ்வப்போது நடக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு மனத்தாங்கலும் உண்டு. அங்கே கேட்கிறவர்களின் கவனம் பாட்டில் இருப்பதில்லை, எண்ணிக்கையில்தான் இருக்கிறது. எத்தனை ராகம் பாடினார், எவ்வளவு நேரம் பாடினார் என்று கைதட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள். ஒரு ராகம் ரசிகர் மனத்தில் நிலைக்க வேண்டுமானால் ஆலாபனை வேண்டும், நிரவல் வேண்டும், கல்பனாஸ்வரம் வேண்டும்; அதாவது அந்த ராகத்தை விரித்துப் பாட வேண்டும். கரகரப்ரியாவுக்கு இன்றைக்கு இருக்கிற உருவம் எப்படி வந்தது? தியாகராஜர் அதில் அடுத்தடுத்துக் கிருதிகள் செய்தார். வித்வான்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை விரித்துப் பாடினார்கள். நீதிமதிக்கும் ரசிகப்ரியாவுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்காமலே, இவற்றில் ரசம் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? விசாரணையே நடக்காமல் தீர்ப்பு எழுதுவதை என் உத்தியோகம் எனக்கு ஒத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கவில்லை.

எனவே தங்கள் வழியாகச் சிலரிடம் சில வேண்டுகோள்கள். முதலாவது தங்கள் நாளிதழுக்கே. கச்சேரி விமர்சனத்தில் ராகத்தின் பெயரும் பாடகர் அணிந்திருந்த பட்டின் நிறமும்கூட வருகிறது. பாட்டைச் செய்தவர் பெயர் பல நேரம் வருவதில்லை. தயவுசெய்து அதைப் போடுங்கள். ‘வாரண முகவா’ என்று ஹம்சத்வனியில் பிள்ளையாரைக் கூப்பிடும் பாட்டையும், ‘இனி நமக்கொரு கவலையும் இல்லை’ என்று பிலஹரியில் நெஞ்சுக்குத் தெம்பு சொல்லும் பாட்டையும் கேட்டு ரசித்தவர்கள் எத்தனையோ பேர். அவையும் கோடீஸ்வர ஐயர் பாட்டு என்று அவர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தெரியாது என்று அடித்துச் சொல்வேன்.

பாடகர்களிடம் கேட்பது: வருடத்துக்கு ஒரு விவாதி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரியின் நடுவில், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால், அரைமணி நேரம் கொடுத்துப் பாடுங்கள். கடைசியில் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேண்டாம்.

இசைக் கல்லூரிகளும் தமிழிசை அமைப்புகளும் சேர்ந்து, ஸ்வரக் குறிப்போடு, மாணவர் வாங்கக்கூடிய விலையில் கந்த கானாமுதத்துக்கு ஒரு நல்ல பதிப்புக் கொண்டுவர வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் நகலுக்கு நகல் எடுத்த தாள்களை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். ஒற்று எது, கறை எது என்று தெரியாத தாள்கள் அவை. பாடும்போது ‘ந்’ போய் ‘த’ வந்துவிடுகிறது, அர்த்தமே மாறிவிடுகிறது. பாட்டு எழுதியவர் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காத வேலை பார்த்தவர் என்பதை நினைத்தால் எனக்கு அதில் கூடுதல் வருத்தம்.

கடைசியாக என் சக ஊழியர்களுக்கு. நீதிமன்ற ஊழியர்களின் ஆண்டு விழாக்களில் மெல்லிசை, பட்டிமன்றம் எல்லாம் வைக்கிறோம். நம்மோடு ஒருவராக, அதே கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தவர் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார். இறைவணக்கத்துக்கு ‘வாரண முகவா’வை வைத்துக்கொள்ளலாமே. பாடுவதற்கு ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், மதுரைக்குள் எங்கே என்றாலும் என் மாணவர்களை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.

கேட்கத் தொடங்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ஹம்சத்வனியும் பிலஹரியும். பழகிய ராகங்கள், உடனே மனத்தில் ஒட்டும். அப்புறம் ‘ஏதய்யா கதி’. அதன் ரிஷபம் காதுக்குப் பழகியபிறகு ‘அருள்செய்ய வேண்டும் ஐயா’. முதல் தடவை கேட்கும்போது ஏதோ இடறுவதுபோல இருக்கும். பரவாயில்லை, மறுநாளும் கேளுங்கள்.

அடுத்த மார்கழி இணைப்பில் அவரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
மதுரை.